பாக்கியத்தின் கோழிகளும் பதுளை முட்டை அறையும்

அன்று கடையில் இருந்தவர்கள் இவர்கள்: கல்லாவில் மாதன், அவருக்கு எதிரே கூடையோடு நான், எனக்குப் பின்னால் என் மனைவி பாக்கியம், மண்ணெண்ணெய் வாங்க வந்த ஒரு படுகர் அம்மாள், வாசலில் தேநீர்க் கிளாஸோடு நின்ற கோத்தகிரி பஸ் டிரைவர். ஐந்து பேர். ஆறாவதாக யாரும் இல்லை. எங்கே ஒரு சின்ன வாய்த்தகராறு எழுந்தாலும் யார் யார் அங்கே நின்றார்கள் என்று மனதில் பதித்துக்கொள்வது என் வழக்கம். நாளைக்கு ஒருவர் வந்து, அந்த சிலோன்காரன்தான் முதலில் கத்தினான் என்று சொல்லிவிட்டால், இல்லை என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. வந்த இடத்தில் வாழ்கிறவனுக்கு அந்தப் பயம் போவதில்லை. சொந்த நாடு என்று சொல்லித்தான் எங்களை இங்கே அனுப்பிவைத்தார்கள். ஆனாலும் போகவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மாதனின் முட்டைத் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்தேன். தலைக்கு மேலே தொங்கிய பல்பின் கிட்டே கொண்டுபோய், இரண்டு கைவிரல்களையும் குழலாகக் குவித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தேன். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். மூன்றாவதற்குப் போகும்போது மாதனின் முகம் மாறிவிட்டது.

“என்னங்க சிலோன்காரரே, எங்கடையில அழுகின முட்டையா விக்கிறோம்?”

“ஐயோ, அதுக்கில்லைங்க. சும்மா உள்ள பாத்தேன்.”

“உள்ள பாக்க அதுல என்ன இருக்கு? சினிமாவா ஓடுது?”

பஸ் டிரைவர் சிரித்தார். படுகர் அம்மாள் தன் மொழியில் ஏதோ சொல்ல, மாதனும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கையிலிருந்த முட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். இனிமேல் கடனுக்கு அரிசி தருவாரா, மாட்டாரா என்று அந்த நொடியிலேயே கவலை தொடங்கிவிட்டது. அப்போதுதான் பாக்கியம் பின்னாலிருந்து, “கோவிச்சுக்காதீங்க அண்ணே. இவரு ஒரு காலத்துல அடைக்கோழியா வேல பாத்தவரு” என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. இலங்கையில், பதுளையில், நான் பார்த்த உத்தியோகம் கிட்டத்தட்ட அதுதான்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். லுணுகலைக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிசனில், வரிசை வீடுகளான கடைசி லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பரா. அதற்குக் கீழே தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும். அந்தப் புல்லுக்குள் விறகுக்கும் மாட்டுத் தீனிக்கும் போய்வருகிறவர்களைத்தான் அந்தக் காய்ச்சல் பிடித்தது. எழுபதுகளின் நடுவில், மாவுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற காலம். கொழுப்பு ஏதும் இல்லாத உடம்பில் அந்தக் காய்ச்சல் ஏறினால் இறங்காது. கை கால் எல்லாம், உள்ளங்கையும் உள்ளங்காலும்கூட, செம்புள்ளி போடும். தலைவலியில் ஆண்களே வாய்விட்டு அழுவார்கள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா தன்னிடம் இருந்த பெனிசிலின் ஊசியைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். அது தண்ணீரை ஏற்றிய மாதிரிதான். சிலர் தாங்களாகவே எழுந்தார்கள். சிலர் எழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் டொக்டர் குசுமா வந்தார். கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பெண்மணி. எங்கள் சனங்களுக்கு அவர் டொக்டர் நோனா, சிங்களத்தில் அம்மணி என்பது போல. பதுளை நகரத்து மேட்டில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, அதில் ஆய்வுகூடம் வைத்திருந்தார். உண்ணி கடித்து வரும் காய்ச்சல் இது, உண்ணியின் வயிற்றில் இருக்கும் கிருமிதான் காரணம் என்று அவர் சொன்னபோது எங்கள் லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. உண்ணி மாட்டைக் கடிக்கும், நாயைக் கடிக்கும், நம்மையும் கடிக்கும், நசுக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். அதற்குப் போய் ஒரு டொக்டரா?

உண்ணி பிடிக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மானாப்புல்லுக்குள் வழி தெரிந்தவன் என்று என்னைக் காட்டிவிட்டார்கள். ஒரு வெள்ளைக் கம்பளித் துணியைக் கம்பில் கட்டி, புல்லின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். போகிற மாடு என்று நினைத்து உண்ணி துணியில் ஏறிக்கொள்ளும். நின்று, துணியைத் திருப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பியில் போட வேண்டும். கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்கள் பாதையில் நின்று, “என்ன முத்தையாண்ணே, இந்தக் காட்டுல யாரு நடந்து வர மாத்து விரிக்கிற? கல்யாணமா, சாவா?” என்று கேட்பார்கள். நான் காலுறைக்குள் காற்சட்டையைத் திணித்துக் கட்டி, உடம்பெல்லாம் உண்ணி ஊர்கிறதோ என்ற பயத்தில், அவர்களுக்குப் பதில் சொல்லக்கூட வாயைத் திறக்காமல் நடப்பேன். அந்தப் பயந்தான் டொக்டருக்குப் பிடித்துப்போனது. “பயப்படுற ஆள்தான் எனக்கு வேணும். பயம் இல்லாத ஆள் கிருமியோட விளையாடும்” என்று சொல்லி என்னைப் பதுளைக்கே கூட்டிப்போய்விட்டார். வாழ்க்கையில் என் பயத்துக்கு ஒருவர் சம்பளம் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

ஆய்வுகூடத்தில் எனக்குக் கிடைத்தது முட்டை அறை. கதவைத் திறந்தால் அடைகாக்கும் கோழியின் வயிற்றுச் சூடு முகத்தில் அடிக்கும். இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள் முட்டைகள் தட்டுத்தட்டாக இருக்கும். அவற்றைத் திருப்பிவைப்பது, தண்ணீர்ச் சட்டியை நிரப்புவது, பிறகு இருட்டு மூலையில் விளக்குப்பெட்டியின் ஓட்டையில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்ப்பது என் வேலை. முதல்முதலாகப் பார்த்த முட்டையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வெறும் ஓடு என்று நினைத்தது செக்கச்செவேலென்று எரிந்தது. அதற்குள் சிலந்தி வலை மாதிரி இரத்த நரம்புகள். நடுவில் ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளி துடித்தது. நான் பயந்து பின்வாங்கி, பின்னால் நின்ற சிவபாலன் சேரின் காலை மிதித்துவிட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், டொக்டருக்கு உதவியாக இருந்த டெக்னீசியன். “என்னப்பா, குஞ்சு உம்மைக் கடிக்கவே வந்தது?” என்றார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அலுக்கவில்லை. ஒவ்வொரு காலையும் சினிமாக் கொட்டகைக்குள் போகிறவன் மாதிரிதான் போவேன்.

எதற்கு முட்டை என்று ஆரம்பத்தில் எனக்கும் விளங்கவில்லை. டொக்டர் தன் அரைகுறைத் தமிழில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மற்றக் கிருமிகளைக் கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி வளர்க்கலாம். அந்தத் தட்டில் மருந்தை வைத்தால் எந்த மருந்துக்கு எந்தக் கிருமி சாகிறது என்று மறுநாளே தெரிந்துவிடும். உண்ணிக் காய்ச்சல் கிருமி அப்படி வளராது. உயிருள்ள சதைக்குள் புகுந்தால்தான் பெருகும். அதனால் வளர்கிற குஞ்சு உள்ள முட்டை. எங்கள் பக்கத்து நோயாளி ஒருவரின் இரத்தத்திலிருந்து எடுத்த கிருமியை ஊசியால் மஞ்சள் கருவுக்குள் விடுவார்கள். இரண்டு வரிசை. மேல் வரிசைக்குக் கிருமி மட்டும். கீழ் வரிசைக்குக் கிருமியும் மருந்தும். மருந்து நல்லதாக இருந்தால் மேல் வரிசை சாக வேண்டும், கீழ் வரிசை பிழைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக்காரனுக்கும் விளங்குகிற கணக்கு.

குஞ்சு வளரும் முட்டைக்குச் சேவலோடு கூடிய கோழி வேண்டும். பதுளைப் பண்ணை முட்டைகளில் சேவல் வாசனையே கிடையாது, எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் வெறும் மஞ்சள்தான். அப்போதுதான் பாக்கியத்தின் கோழிகள் நினைவுக்கு வந்தன. லயத்துப் பின்பக்கம், குப்பைமேனிப் புதருக்கும் தண்ணீர் கொட்டும் பீலிக்கும் நடுவே, அவள் ஒரு ராச்சியமே வைத்திருந்தாள். ஒவ்வொரு கோழிக்கும் பெயர். சேவலுக்குப் பெயர் பெரிய கிளாக்கர், ஏனென்றால் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மாதிரி எந்த நேரமும் கழுத்தை நீட்டிக்கொண்டு அதட்டும். ஆய்வுகூடத்துக்கு முட்டை கொடுக்க ஆரம்பித்த பிறகு அவள் நடையே மாறிவிட்டது. முட்டை போடுகிற கோழியைக்கூட “மெதுவா, மெதுவா, டொக்டர் நோனாவுக்குப் போறது” என்று அதட்டுவாள். லயத்துப் பெண்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? “பொண்டாட்டி கோழி முட்ட போடுது, புருசன் பதுளையில அடை காக்குறான்.” எனக்கு அடைக்கோழி என்ற பெயர் அப்படித்தான் வந்தது. இலங்கையை விட்டு வந்தும் அது விடவில்லை.

பிறகு பாக்கியத்துக்கே காய்ச்சல் வந்தது.

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாளாம். டிஸ்பென்சர் ஐயா வழக்கம்போல ஊசி போட்டார். நான் லீவு கேட்டுப் போய்ப் பார்த்தபோது என்னையே யாரென்று கேட்டாள். முழங்காலின் பின்மடிப்பில் ஒரு வட்டம், சுருட்டு நெருப்பால் சுட்ட மாதிரிக் கறுத்திருந்தது. உண்ணி கடித்த இடம். அந்தக் கிருமியைத்தானே நான் தினமும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்க்கிறேன்! கொழுந்து லொறியில் அவளைக் கிடத்தி, கொழுந்துச் சாக்கைத் தலைக்கு வைத்து, ஒவ்வொரு வளைவிலும் அவள் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே பதுளைக்கு வந்தேன்.

டொக்டர் பார்த்ததும் டெட்ராசைக்ளின் கேப்சூல் கொடுத்தார். மஞ்சளும் சிவப்புமான குப்பி மாத்திரை. என்ன ஆச்சரியம்! இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டாள். “என் கோழிக்குத் தீனி யாரு போடுறா?” என்று கேட்டாள். அதைக் கேட்டதும் இனிப் பிழைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. மீதிக் கேப்சூலைக் கையில் கொடுத்து, ஒன்று விடாமல் விழுங்கச் சொல்லி, டொக்டர் லயத்துக்கு அனுப்பிவைத்தார்.

ஆனால் கொஞ்ச நாளில் காய்ச்சல் திரும்பி வந்தது. அதே நடுக்கம், அதே புள்ளி.

அவளைப் பதுளை ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்த அன்று டொக்டரின் முகத்தைப் பார்த்தேன். அதற்கு முன் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. “மாத்திரை எல்லாம் சாப்பிட்டீங்கதானே?” என்று பாக்கியத்திடம் கேட்டார். பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். வெளியே வந்து டொக்டர் என்னிடம் சொன்னார்: “முழு மருந்தும் சாப்பிட்டும் திரும்பி வருதுன்னா, இந்தக் கிருமிக்கு இந்த மருந்து பிடிக்கலையோன்னு எனக்கு சந்தேகம். இன்னொரு மருந்து இருக்கு. ஆனா அது சில ஆளுக்கு இரத்தம் ஊறுறதையே நிப்பாட்டிரும். எனக்கு அதக் குடுக்க விருப்பம் இல்ல. முட்டை என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

இன்குபேட்டரில் அப்போது அதே தோட்டத்துக் கிருமியும் அதே டெட்ராசைக்ளினும் போட்ட முட்டைகள் இரண்டு வரிசையாக இருந்தன. என் பெண்சாதியின் உயிர் அந்தத் தட்டில் கிடக்கிற மாதிரி இருந்தது. காலையில் முதலில் கீழ் வரிசையைப் பார்த்தேன். மருந்து போட்டது. எல்லாம் உயிரோடு துள்ளின. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு மேல் வரிசையை எடுத்தேன். கிருமி மட்டும் போட்டது. செத்திருக்க வேண்டும். நரம்பெல்லாம் சிவப்பாக, புள்ளி துடிக்க, அதுவும் துள்ளியது. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும்.

“உது என்னப்பா, எல்லாம் உயிரோடை கிடக்கு?” என்றார் சிவபாலன் சேர். “மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் நீர் மாத்தி வைச்சிட்டீரோ?”

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாற்றி வைத்திருப்பேனோ? ஒவ்வொரு ஓட்டிலும் பென்சிலால் போட்ட அடையாளத்தைப் பார்த்தேன், திரும்பப் பார்த்தேன், வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒருவேளை ஒரு குப்பியின் கிருமி வீரியம் போயிருந்தால் என்று, இன்னொரு குப்பியிலிருந்து புதுக் கிருமி எடுத்து, அதே வாரத்து மிச்ச முட்டைகளில் ஏற்கெனவே போட்டுவைத்திருந்தார்கள். அதுவும் சாகவில்லை. கிருமி போட்ட முட்டையும் பிழைக்கிறது, மருந்து போட்ட முட்டையும் பிழைக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? முட்டை வாயைத் திறக்கவே இல்லை. வார்டில் பாக்கியத்துக்கு ஜுரம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மற்ற மருந்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு டொக்டர் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில், அந்த மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதற்கு முன் ஒரு தடவை அவளைப் பார்த்துவிடுவோம் என்று வார்டுக்குப் போனோம். பாக்கியத்துக்கு அப்போது கொஞ்சம் தெளிவு. என் முகத்தைப் பார்த்ததுமே, “என்னங்க, இடி விழுந்த மாதிரி நிக்கிறீங்க?” என்றாள்.

“உன் கோழி முட்ட ஒண்ணும் சாகமாட்டேங்குது புள்ள” என்றேன். எனக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அந்தக் காய்ச்சலிலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “பின்ன? எப்புடிச் சாகும்? நான் என்ன வெறும் தவிடா போட்டு வளக்குறேன்? போன மாசம் பூரா மூஞ்சி வீங்கி, கண்ண மூடிக்கிட்டு, சளி புடிச்சு நின்னுச்சுங்க. பெரிய கிளாக்கர் கூவவே இல்ல. அப்புறம் டொக்டரம்மா குடுத்த மருந்தத்தான் ஒடச்சுத் தவுட்டுல கலந்து போட்டேன். அன்னையில இருந்து என்னா தெம்பு!”

டொக்டர் அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். “என்ன மருந்து?”

“நீங்க குடுத்தீங்களே, மஞ்சளும் செவப்பும். எனக்குத்தான் காய்ச்சல் வுட்டுருச்சே. நல்ல மருந்து, வீணாப் போவலாமா?”

எங்கள் லயத்தில் மருந்தை வீணாக்குவது பாவம். காய்ச்சல் நின்றதும் மாத்திரையும் நிற்கும். மிச்சத்தைச் சேலை முந்தியில் முடிந்து வைப்பார்கள். அடுத்த காம்பராப் பிள்ளைக்கு, மாட்டுக்கு, கோழிக்கு, யாருக்குத் தேவையோ அவருக்கு அது போகும். பாக்கியத்துக்கு அவள் கோழிகளைவிடத் தேவைப்பட்டவர் யார்? அவள் உடம்புக்குள் போயிருக்க வேண்டிய பாதி மருந்து பெரிய கிளாக்கரின் குடும்பத்துக்குள் போயிருந்தது. அங்கிருந்து மஞ்சள் கருவுக்குள் இறங்கி, பஸ்ஸேறிப் பதுளைக்கு வந்து, எங்கள் மேல் வரிசையைச் சாகவிடாமல் காத்துக்கொண்டிருந்தது!

டொக்டர் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மற்றக் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாக்கியம் பயந்துபோய், “நான் என்னங்க பண்ணிப்புட்டேன்?” என்று என்னைப் பார்த்தாள். டொக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இந்த மருந்து கிருமியைக் கொல்லாது பாக்கியம். கயிறு போட்டுக் கட்டும், அவ்வளவுதான். கட்டி வச்சா, அப்புறம் உங்க உடம்பு மெதுவா அடிச்சுப் போடும். நீங்க பாதியில கயிறை அவுத்துட்டீங்க. அது எந்திரிச்சு வந்துட்டுது.” அன்றே அந்த மேசை மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய கேப்சூலையே திரும்பக் கொடுக்கத் தொடங்கினார். இந்த முறை நர்ஸ் முன்னால் நின்று, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை உயர்த்தச் சொல்லிப் பார்த்தாள். “கோழி கூட இப்புடிச் சோதிக்காது” என்று பாக்கியம் முனகினாள்.

காய்ச்சல் இறங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. போன தடவையும் இறங்கத்தானே செய்தது? பாதி மருந்துதான் காரணமா, கிருமிக்கு மருந்தே பிடிக்கவில்லையா? டொக்டருக்கும் முழு நிச்சயம் இல்லை என்று அவர் கண்ணில் தெரிந்தது. “மருந்தே தின்னாத கோழி முட்டை வேணும்” என்றார். ஆனால் புதிதாக முட்டை வாங்க கொழும்பிலிருந்து பணம் வர வேண்டும். அந்தக் காகிதம் கொழும்புக்குப் போய்த் திரும்புவதற்குள் கோழியே கிழடாகிவிடும்.

பஜாரில் காதர் நானா என்று ஒரு கடைக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்போம். பருப்பு, கருவாடு, சவர்க்காரம், எல்லாம் இருக்கும். மொனராகலைப் பக்கம் சோளமும் முட்டையும் எடுக்க அவருடைய லொறி போய்வரும். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப ஒமக்கு நோயாளி இல்லாத ஊர்ல, மருந்தே காணாத கோழி வேணும்” என்றார். “புத்தல ரோட்டுல, காட்ட வெட்டிப் பயிர் வைக்கிற சேனைக்காரங்க வூட்டுல நிக்கிதுகள். அதுகள் மருந்து என்ன, மனுசனையே ஒழுங்காக் கண்டதில்ல.” காசு பிறகு என்றேன். யார் பேரில் என்றார். ஆய்வுகூடத்துக்காரர்களைக் கேட்காமல், எப்படி வந்ததோ அந்தத் துணிச்சல், “என் பேரில போடுங்க நானா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் முட்டைக் காசைக் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன்.

லொறியில் நானும் போனேன். வைக்கோல் வைத்த கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த மலை வளைவுகளில் ஏறி வரும்போது, ஒவ்வொரு குழிக்கும் என் வயிறுதான் உடைந்தது. “அந்த முட்டைக்கு ஒண்ணும் ஆகாது. நீர்தான் நொறுங்கப் போறீர்” என்று காதர் நானா சிரித்துக்கொண்டே வந்தார். ஒன்றும் உடையவில்லை. சூட்டில் வைத்தோம். குஞ்சு பிடித்தது. சிவபாலன் சேர் முகமூடி கட்டிக்கொண்டு ஊசி போட்டார். மேல் வரிசை, கீழ் வரிசை. பிறகு காத்திருந்தோம். காத்திருந்த நாளெல்லாம் காலையில் முட்டையைப் பார்ப்பேன், மாலையில் வார்டுக்குப் போய்ப் பாக்கியத்தின் நெற்றியைத் தொடுவேன். “தொட்டுத் தொட்டே காய்ச்சலக் கூப்புடாதீங்க” என்று கையைத் தட்டிவிடுவாள்.

அந்தக் காலை வந்தது. விளக்குப்பெட்டியை ஏற்றி மேல் வரிசையின் முதல் முட்டையை வைத்தேன். சிவப்பு இல்லை. நரம்பு வலை குலைந்து, உள்ளே பழுப்பாக, அசையாமல் ஏதோ தொங்கியது. அடுத்தது. அதுவும். அடுத்தது. எல்லாம் அப்படியே. கீழ் வரிசைக்குப் போனேன். எரிந்தது! செக்கச்செவேலென்று எரிந்தது! குஞ்சு என் கண்ணெதிரே புரண்டது. நான் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு ஓடி, படிக்கட்டில் நின்று, பங்களாவே அதிரக் கத்தினேன்: “செத்துப்போச்சு! டொக்டர், செத்துப்போச்சு! எல்லாம் செத்துப்போச்சு!”

டொக்டர் உள்ளேயிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தார். சிவபாலன் சேர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். யாழ்ப்பாணத்து சேர் தோட்டத்தானைத் தூக்கிச் சுற்றியதைப் பதுளை அன்றுதான் பார்த்திருக்கும். அந்த நேரம் பார்த்து, காசு விஷயமாகவோ எதற்காகவோ மேட்டில் ஏறிக்கொண்டிருந்த காதர் நானா, என் சத்தத்தைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டார். தொப்பியை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, வாய் முணுமுணுக்க, முகம் வெளுத்து மெதுவாக வந்தார். பாக்கியம் போய்விட்டாள் என்று நினைத்திருக்கிறார். வந்து பார்த்தால் மூன்று பேரும் சிரிக்கிறோம்.

“என்ன மனுசன்யா நீர்?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். “வூட்டுக்காரி மவுத்தானா சிரிக்கிறீர்?”

“அவ இல்ல நானா! ஒங்க முட்டை! ஒங்க முட்டை செத்துப்போச்சு!”

“என் முட்டை செத்ததுக்கா இந்தக் கூத்து?” அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். டொக்டர் விளக்கிச் சொன்னதும், எழுந்து, வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “செத்த முட்டைக்கு நான் காசு வாங்குறதா வேண்டாமான்னு இனி யோசிக்கணும்” என்றார்.

வார்டுக்கு நான் நடந்து போகவில்லை, ஓடினேன். பாக்கியத்திடம் சொன்னதும் அவள் முதலில் கேட்டது, “அப்ப எங்கோழி முட்ட கெட்ட முட்ட இல்லதானே?” என்றுதான். இல்லை என்றேன். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். காய்ச்சல் பிறகு திரும்பி வரவே இல்லை. டொக்டர் எங்கள் தோட்டத்துக்கு வந்து, டிஸ்பென்சர் ஐயாவிடம் கேப்சூல் டப்பாவை ஒப்படைத்து, பெரட்டுக் களத்தில் நின்று சனங்களுக்குச் சொன்னார். பாக்கியம் எழுந்து, “நோனா சொல்றது நெசம். காய்ச்சல் வுட்டாலும் முழுங்கணும். கோழிக்குப் போட்டீங்கன்னா, என்னைய மாதிரித் திரும்பப் படுப்பீங்க” என்றாள். அதைத்தான் சனங்கள் கேட்டார்கள். எழும்ப மாட்டார்கள் என்று நினைத்தவர்கள் அந்த வருஷம் எழும்பினார்கள்.

சில வருஷத்தில் டொக்டர் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். ஆய்வுகூடத்தை மூடினார்கள். கொழும்புப் பணம் வரவில்லை, கேட்க ஆளும் இல்லை. தோட்டத்துச் சனங்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்ட ஒப்பந்தத்தில் எங்களுக்கு இந்தியா என்று விழுந்தது. கோழிகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேற முடியாது. பெரிய கிளாக்கரின் பேரனைப் பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டு பாக்கியம் அன்று சாப்பிடவில்லை. பதுளையில் ரயிலேறுகிற நாள் காதர் நானாவின் கடைக்குப் போனேன். முட்டைக் கணக்குக்குக் கையில் இருந்ததைக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கணக்கைத் தீர்த்துட்டுப் போனா, அப்புறம் ஒமக்கும் எனக்கும் என்ன பேச்சு? போய் இருந்துட்டு வாரும். வரக்குள்ள குடும்.”

இங்கே இந்த மலையும் அந்த மலை மாதிரித்தான். அதே தேயிலை, அதே மூடுபனி, அதே குளிர். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களை சிலோன்காரர்கள் என்கிறார்கள். அங்கே இருந்தபோது இந்தியாக்காரர்கள் என்றார்கள். இரண்டு பேரும் சொல்வது சரிதான் என்று சில நேரம் தோன்றுகிறது. அன்று மாதனின் கடையில் நான் பல்பில் பிடித்த முட்டைகள் பண்ணை முட்டைகள். உள்ளே வெறும் மஞ்சள், ஒரு நரம்புகூட இல்லை. இருந்தாலும் பார்க்காமல் வாங்க என்னால் முடிவதில்லை. பாக்கியம் சமாதானம் சொன்ன பிறகு மாதனே ஒன்றை எடுத்து, என்னைப் போல விரலைக் குவித்து, பல்பில் வைத்துப் பார்த்தார். “ஒண்ணும் தெரியலையே?” என்றார். “தெரியாதுங்க. இதுக்குள்ள தெரியாது” என்றேன். பிறகு எங்கே தெரியும் என்று அவர் கேட்கவில்லை. எடுத்த முட்டைகளுக்கு இந்தியக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். பாக்கியம் கூடையைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டாள். பதுளை பஜாரில் காதர் நானாவுக்கு நான் இன்னும் தர வேண்டியது, இலங்கைக் காசில், முப்பத்தொரு ரூபாய் ஐம்பது சதம்.